ஒரு பக்கம், பத்து வாசிப்பு

டிரம்ஸ் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு



"சார், கையில வேகம் வரணும், எந்தப் புத்தகம் வாங்கலாம்?" டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கும் எல்லாரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்டவுடன் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பிள்ளையும் வாங்கிவிடுகிறான். முதல் நான்கு பக்கம் ஓரம் மடங்கிக் கசங்கியிருக்கும், மிச்சப் பக்கங்கள் கடையில் இருந்தபடியே இருக்கும். அடுத்த வருடம் அதே பிள்ளை வேறு புத்தகத்தின் பெயர் கேட்டு வருவான். குற்றம் பிள்ளை மேலும் இல்லை, புத்தகத்தின் மேலும் இல்லை. எதற்காக வாங்குகிறோம் என்று யோசிக்காமல் வாங்கியதுதான் குற்றம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் பயிற்சிப் புத்தகத்தை, உள்ளே எத்தனை பயிற்சி இருக்கிறது என்று எண்ணி வாங்காதீர்கள். அதன் ஒரு பக்கத்தை எத்தனை விதமாக வாசிக்கலாம் என்று பார்த்து வாங்குங்கள். பல பத்தாண்டுகள் தாண்டியும் உலகமெங்கும் டிரம்மர்கள் விடாமல் வைத்திருக்கும் புத்தகங்களைப் பாருங்கள்; அவை குறைவாகவே எழுதியிருக்கின்றன. எழுதாமல் விட்ட இடத்தில்தான் வாசிப்பவனுக்கு வேலை இருக்கிறது.

நம் ஊரில் மிருதங்கம் கற்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு முதல் புத்தகம் குருவின் வாய்தான். அவர் சொற்கட்டைச் சொல்வார், நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள், பிறகு கை வாசிக்கும். மேற்கத்திய டிரம்ஸ் வளர்ந்த வழி வேறு. அது பட்டாளத்திலிருந்து வந்தது. விழித்தெழு, அணிவகு, பின்வாங்கு என்ற ஆணைகளை டிரம் ஒலியில் சொன்னார்கள். ஒரு படைப்பிரிவில் அடிப்பதும் இன்னொரு படைப்பிரிவில் அடிப்பதும் ஒன்றாக இருந்தால்தான் காரியம் நடக்கும். அதனால் எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அமெரிக்காவில் 1812-லேயே சார்லஸ் ஸ்டூவர்ட் ஆஷ்வொர்த் இப்படி ஒரு புத்தகம் போட்டார். உள்நாட்டுப் போர் நடந்த நேரத்தில், 1862-ல், புரூஸ், எம்மெட் என்ற இருவர் எழுதிய வழிகாட்டி வந்தது. இன்று 'ருடிமென்ட்' என்று நாம் பயிலும் ரோல், ஃப்ளாம், பாராடிடில் எல்லாம் அந்தப் பரம்பரையின் சொத்து. 1933-ல் சிகாகோவில் கூடிய டிரம்மர்கள் தேசிய ருடிமென்டல் டிரம்மர்கள் சங்கத்தைத் தொடங்கி, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை என்று 13 ருடிமென்ட்களைத் தேர்ந்தார்கள். பிறகு அது 26 ஆயிற்று. 1984-ல் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொஸைட்டி 40 ஆக்கியது.

அந்த 1933 கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன். பாஸ்டன்காரர். அப்பா டிரம் செய்து விற்றவர், மகன் வாசித்தார், கற்றுக்கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து, 1935-ல், அவர் வெளியிட்டதுதான் 'ஸ்டிக் கன்ட்ரோல்'. பதிமூன்று ருடிமென்ட்களுக்குப் பாடுபட்ட மனிதர், தன் புத்தகத்தின் முதல் பக்கத்தை ருடிமென்ட் பெயர் எதுவும் இல்லாமல் எழுதினார். அது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தை உங்கள் கண்முன் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒரு பக்கத்துக்கு 24 பயிற்சி. முதல் மூன்று பக்கத்தில் மொத்தம் 72. ஒவ்வொன்றும் ஒரே வரி, இரண்டு பார், பதினாறு அடி. எல்லா அடிக்கும் ஒரே கால அளவு. அழுத்தம் (ஆக்சென்ட்) இல்லை, மெல்லிது பலமானது என்ற குறி இல்லை, ஓய்வு இல்லை. ஒவ்வொரு நோட்டுக்குக் கீழும் எந்தக் கை என்பது மட்டும் இருக்கும். வலதுக்கு 'வ', இடதுக்கு 'இ' என்று வைத்துக்கொண்டால் முதல் பயிற்சி வஇ வஇ வஇ வஇ. மூன்றாவது வவ இஇ வவ இஇ. ஐந்தாவது வஇவவ இவஇஇ. அதுதான் நாம் பாராடிடில் என்று சொல்வது, ஆனால் ஸ்டோன் அங்கே அந்தப் பெயரை எழுதவில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் 20 முறை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போ என்கிறார். மெட்ரோனோம் வைத்துக்கொள், பல வேகங்களில் வாசி, கையில் கொஞ்சம் இறுக்கம் தெரிந்தாலும் நிறுத்திவிடு என்பது முன்னுரையில் அவர் தரும் அறிவுரை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு நான்கு அடி என்பது யாருக்கும் எட்டும் வேகம். பதினாறு அடிக்கு நான்கு வினாடி. இருபது முறைக்கு எண்பது வினாடி. 24 பயிற்சிக்கு 32 நிமிடம். அந்த நேரத்தில் கை 7,680 முறை அடித்திருக்கும். ஒரே பக்கம்! புத்தகம் முழுவதையும் ஒரு மாதத்தில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், இருபது முறை என்ற நிபந்தனையை அவர் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அழுத்தக் குறி இல்லாததை முதலில் பார்ப்பவர் குறையாக நினைப்பார். அங்கேதான் ஸ்டோனின் நோக்கம் இருக்கிறது. வஇவவ இவஇஇ என்று வாசிக்கும்போது பதினாறு அடியும் ஒரே கையிலிருந்து வருவதுபோல் ஒலிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு எது வலது, எது இடது என்று தெரியக் கூடாது. நம்மில் பெரும்பாலோருக்கு இடதுகை தாழ்ந்த குரலில் பேசும். இரண்டு இடது அடி அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது அடி பாதியாக விழும். அழுத்தம் போட்டு வாசிக்கும்போது அந்தக் குறை மறைந்துகொள்ளும். எதுவும் போடாமல் சமமாக வாசிக்கும்போது மறைய இடமில்லை. வேகம் வேண்டும் என்று வருபவருக்குப் பெரும்பாலும் குறை இந்த இரண்டாவது இடது அடியில்தான் இருக்கிறது. அவருக்கு நான் சொல்லும் புத்தகம் இதுதான், அதிலும் இந்த முதல் மூன்று பக்கம்.

ஸ்டோனிடம் ஒரு மாணவர் வந்தார். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பாஸ்டனுக்குப் பயணம் செய்து வந்து படித்தவர். பிறவியிலிருந்தே பார்வைக் குறைபாடு உள்ளவர். முதலில் வயலின் வாசித்தவர். பெயர் ஜோ மொரெல்லோ. டேவ் புரூபெக் குழுவின் 1959 இசைத்தட்டில் 'டேக் ஃபைவ்' கேட்டவர்கள் அவர் கையைக் கேட்டிருப்பீர்கள். ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அவ்வளவு நிதானமாக ஒரு டிரம் தனியை அதற்கு முன் பெரும்பாலான ரசிகர்கள் கேட்டிருக்கவில்லை. அந்த மொரெல்லோ, ஆசிரியர் கொடுத்த அதே பக்கத்தை எடுத்து, அங்கங்கே தன்னிஷ்டப்படி அழுத்தங்களைச் சேர்த்து வாசித்துக் காட்டினார். அதைக் கேட்ட ஸ்டோன், அழுத்தத்தையும் ஸ்டிக் எம்பித் திரும்புவதையும் மையமாக வைத்து இன்னொரு புத்தகம் எழுதினார். 1961-ல் வந்த 'ஆக்சென்ட்ஸ் அண்ட் ரீபவுண்ட்ஸ்' அது. மொரெல்லோ பின்னாளில் தன் பங்குக்கு 'மாஸ்டர் ஸ்டடீஸ்' எழுதினார். ஒரு காலிப் பக்கத்திலிருந்து இரண்டு புத்தகம் முளைத்திருக்கிறது. எல்லாக் குறியையும் ஸ்டோனே எழுதி வைத்திருந்தால் மொரெல்லோவுக்குச் செய்ய எதுவும் மிஞ்சியிருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது, அடித்தபின் அதை எப்படித் தானாக எழும்பி வர விடுவது, மணிக்கட்டு எங்கே வேலை செய்யும், விரல் எங்கே வேலை செய்யும், இவற்றைப் புத்தகம் கற்றுத்தராது. தரவும் முடியாது. சான்ஃபோர்ட் மோலர் என்ற பெரிய ஆசிரியர் 1925-ல் ஒரு புத்தகம் எழுதினார். உள்நாட்டுப் போரில் டிரம் வாசித்த முதியவர்களைத் தேடிப்போய், அவர்கள் கை அசைவைக் கவனித்துத் தெரிந்துகொண்டவர் அவர். சாட்டை வீசுவதுபோல் கை எழுந்து விழும் அந்த அசைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் படித்து அந்த அசைவைச் சரியாகக் கற்றுக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. மோலரிடம் நேரில் பயின்ற ஜிம் சேப்பின், தன் வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகப் போய் அதைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு காணொளியாகவும் பதிவு செய்தார். அசைவைக் கண்ணால்தான் கற்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே மணிக்கட்டு வலிக்கிறது, முன்கை கல்லாகிவிடுகிறது என்று சொல்பவருக்குப் புத்தகம் மருந்தாகாது. அவர் ஒரு நல்ல ஆசிரியர் முன் உட்கார வேண்டும். ஊரில் ஆசிரியர் இல்லையென்றால் ஜோஜோ மேயர் 2007-ல் வெளியிட்ட 'சீக்ரெட் வெப்பன்ஸ்' போன்ற காணொளியைப் பார்க்கலாம். பார்க்கும்போது எதிரே ஒரு கண்ணாடி இருக்கட்டும். தவறான அசைவோடு ஸ்டிக் கன்ட்ரோல் வாசித்தால், அந்தத் தவறு ஒரு நாளைக்கு 7,680 முறை மெருகேறும்.

இன்னொரு குறை: கை ஓரளவு பேச ஆரம்பித்துவிட்டது, ஆனால் எதை வாசித்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது, பிடித்த நான்கு ஃபில் தவிர வேறு வரவில்லை. இந்தக் குறை உள்ளவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இவர்களுக்கு டெட் ரீட் 1958-ல் தானே அச்சிட்டு வெளியிட்ட புத்தகம் இருக்கிறது. முழுப் பெயர் நீளம். எல்லாரும் 'ஸின்கோபேஷன்' என்றுதான் சொல்வார்கள். புரட்டிப் பார்த்தால் பள்ளிப் பாடநூல்போல் இருக்கும். முதலில் கால் நோட்டு, பிறகு எட்டில் ஒன்று, ட்ரிப்ளெட், ஓய்வு என்று வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் பக்கங்கள். புத்தகத்தின் நடுவில், தலைக்கு ஒரு பக்கமாக எட்டு நீளமான பயிற்சிகள் வரும். அவற்றுக்காகத்தான் இந்தப் புத்தகம் உயிரோடு இருக்கிறது. மேலே ஒரு தாள வரி, கீழே பேஸ் டிரம் சீராக நான்கு. அவ்வளவுதான்.

பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் 1957-லிருந்து 1975 வரை கற்பித்த ஆலன் டாசன் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேல் வரியை எழுதியபடி வாசிப்பது அவருக்கு ஆரம்பம் மட்டுமே. என்ன செய்யலாம் என்பதற்கு நானே ஒரு பார் அமைத்துக் காட்டுகிறேன். நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு 'அண்ட்'. மூன்று இடத்தில் மட்டும் அடி விழுகிறது: ஒன்றில், இரண்டின் 'அண்ட்'-டில், நான்கில்.

முதலில் இதை இடதுகையால் ஸ்னேரில் வாசியுங்கள். வலதுகை ரைடு சிம்பலில் ஜாஸ் தாளத்தைத் தொடரட்டும், இடதுகால் ஹை-ஹாட்டை இரண்டிலும் நான்கிலும் மூடட்டும். பழகியபின் அதே மூன்று அடியையும் ஸ்னேரிலிருந்து எடுத்து பேஸ் டிரம்முக்குக் கொடுங்கள். கால் திணறும், பரவாயில்லை. அடுத்து, எட்டு எட்டில்-ஒன்றையும் ஸ்னேரில் விடாமல் வாசித்து அந்த மூன்று இடத்தில் மட்டும் அழுத்தி அடியுங்கள். இப்போது அது கைப்பயிற்சி ஆகிவிட்டது. அடுத்து ட்ரிப்ளெட். ஒரு பாரில் பன்னிரண்டு ட்ரிப்ளெட் அடி. ஸ்விங் நடையில் நம் மூன்று அடியும் 1, 6, 10 ஆகிய இடங்களில் வந்து விழும். அவற்றை வலதுகை வாசிக்க, மிச்சம் ஒன்பதையும் இடதுகை மெதுவாக நிரப்பட்டும். இரண்டிலிருந்து ஐந்து வரை தொடர்ந்து நான்கு அடி இடதுகைக்கு வருகிறது, பாருங்கள். அந்த நான்கும் சமமாக, தாழ்வாக, இறுக்கம் இல்லாமல் வர வேண்டும். இன்னொன்று: நீளமான நோட்டைப் பேஸ் டிரம்மிலும் குறுகியதை ஸ்னேரிலும் வையுங்கள். ஒரே வரி இரண்டு குரலில் பேசத் தொடங்கும்.

ஐந்து விதம் சொல்லிவிட்டேன். நீங்களே இன்னும் ஐந்தைக் கண்டுபிடிப்பீர்கள். டாசன் இதற்கு மேலே ஒன்று கேட்டார்: இத்தனையும் வாசிக்கும்போது ஒரு பாட்டை வாயால் பாட வேண்டும். பாட்டு எங்கே போகிறது, எத்தனையாவது வரியில் இருக்கிறோம் என்பது நழுவக் கூடாது. அவரிடம் சிறுவனாகப் படித்த டோனி வில்லியம்ஸ் 1963-ல், பதினேழு வயதில், மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் பதிவுகளைக் கேளுங்கள். இந்தப் புத்தகத்தின் வரிகள் நேரடியாகக் காதில் விழாது. ஆனால் நான்கு அங்கமும் ஒரே வாக்கியத்தைப் பங்கிட்டுப் பேசும் அந்தப் பழக்கம் விழும்.

கொன்னக்கோல் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கூடுதல் பலம் இருக்கிறது. தகதிமி நடையில் போய்க்கொண்டிருக்கும்போதே தகிட தகிட என்று மாறி, தாளம் தவறாமல் திரும்பி வர அவர்களுக்குத் தெரியும். ட்ரிப்ளெட்டுக்கு மாறும்போது மற்றவர்கள் தடுமாறும் இடத்தில் அவர்கள் தடுமாறுவதில்லை. ரீடின் ஒரு வரியைக் கையில் எடுப்பதற்கு முன் வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். டாசன் பாட்டு பாடச் சொன்னதற்கும் இதற்கும் பயன் ஒன்றுதான்: வாய் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் கைக்குப் பதற்றம் போய்விடும்.

எல்லா நல்ல புத்தகமும் இப்படி இடம் விட்டு எழுதப்பட்டதா என்றால், இல்லை. நேர் எதிராக எழுதப்பட்டவையும் உண்டு. அவற்றுக்கும் வேளை உண்டு. கிளீவ்லாண்டைச் சேர்ந்த சார்லி வில்காக்ஸன் ருடிமென்ட்களைக் கோத்து 150 சிறு தனிகள் எழுதினார். அவர் புத்தகத்தில் அழுத்தம், கை, ரோல் எல்லாம் குறித்தபடி இருக்கும். குறித்தபடிதான் வாசிக்க வேண்டும். ருடிமென்ட்களைத் தனித்தனியாக வாசிக்கத் தெரிந்து, சேர்த்துப் பேசத் தெரியாதவர்களுக்கு இது மிக நல்ல பாடம். ஃபில்லி ஜோ ஜோன்ஸ் தன் தனிகளில் வில்காக்ஸனின் சொற்றொடர்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார். ஜாஸ் கிளப்பில் அவர் வாசித்தபோது பட்டாள டிரம்மின் வாசனை சிறிதும் தெரியவில்லை. அது அவருடைய மேதைமை.

ஜிம் சேப்பின் 1948-ல் எழுதிய புத்தகம் இன்னும் கண்டிப்பானது. வலதுகையும் இடதுகாலும் ஒன்றையே விடாமல் வாசிக்க, இடதுகை வேறு வேறு வரிகளைப் பேச வேண்டும். பிறகு பேஸ் டிரம்மும் சேர்ந்துகொள்ளும். பீபாப் காலத்து டிரம்மர்கள் மேடையில் செய்துகொண்டிருந்ததை ஒழுங்குபடுத்தி எழுதிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. ஜாஸ் வாசிக்க விருப்பமுள்ளவர் தவிர்க்கவே முடியாது. சினிமாப் பாட்டும் ராக்கும் வாசிப்பவர் அதை முதல் புத்தகமாக வாங்கினால் மனம் சோர்ந்துவிடும். ஜான் ரைலியின் 'தி ஆர்ட் ஆஃப் பாப் டிரம்மிங்', 1994-ல் வந்தது, அதே ஊருக்கு இன்னும் சற்று நிழலான வழி. எதைக் கேட்க வேண்டும், அந்த இசை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையும் ரைலி சொல்லிக்கொண்டே போகிறார்.

இடம் விட்டு எழுதியவை, எல்லாம் குறித்து எழுதியவை என்ற இந்த இரண்டு வகைக்கும் நடுவே நிற்பது கேரி செஸ்டரின் 'தி நியூ பிரீட்', 1985. நியூயார்க் ஒலிப்பதிவு அறைகளில் பல ஆண்டுகள் வாசித்தவர் அவர். புத்தகத்தில் 39 அடிப்படை அமைப்புகளைக் கொடுத்திருக்கிறார்; ஒவ்வொன்றிலும் மூன்று அங்கம் மாறாமல் ஓடும், நான்காவது அங்கம் தனியாக எழுதிய தாள வரிகளை வாசிக்கும். வலதுகை முன்னால் போவதுபோலவே இடதுகையும் முன்னால் போகப் பழக வேண்டும். வாசித்துக்கொண்டே ஒவ்வொரு அங்கத்தின் வரியையும் மாற்றி மாற்றிப் பாட வேண்டும் என்பது அவர் போடும் கடினமான நிபந்தனை. பலர் அதை விட்டுவிட்டு மிச்சத்தைச் செய்கிறார்கள். பாடாமல் செய்தால் அது வெறும் உடற்பயிற்சி. பாடினால்தான் ஒரு கால் அரை இழை முந்துவது நம் காதுக்கே தெரியும். முதல் இரண்டு வருடத்தில் இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. ஆசிரியராகப் போகிறவர்கள் எப்படியும் இதைக் கடந்து போக வேண்டும்.

இனி, பிள்ளைகள் ஆசையோடு வாங்கும் வகை: தாளங்களைத் தொகுத்த புத்தகங்கள். கார்மைன் அப்பீஸ் 1972-ல் 'ரியலிஸ்டிக் ராக்' எழுதியதிலிருந்து இவற்றுக்குக் குறைவில்லை. டாமி ஐகோவின் 'குரூவ் எஸென்ஷியல்ஸ்' 47 தாளங்களை ஒலிப்பதிவோடு தருகிறது. பாட்டோடு சேர்ந்து வாசிக்கும் இன்பத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது இல்லாமல் யாரும் டிரம்ஸில் நிலைக்க மாட்டார்கள். ஆனால் கைத்திறனுக்கு இவை தரும் உதவி சிறியது. விதிவிலக்காக ஒன்றைச் சொல்வேன்: டவர் ஆஃப் பவர் குழுவில் வாசித்த டேவிட் கரிபால்டி எழுதிய 'ஃப்யூச்சர் ஸவுண்ட்ஸ்'. அவர் வலியுறுத்துவது இரண்டு ஒலி உயரம். அழுத்திய அடிக்கு ஸ்டிக் உயரத்திலிருந்து வரும். மற்ற அடி எல்லாம் தோலை ஒட்டி, கிசுகிசுப்பாக. நடு உயரம் என்று ஒன்று கிடையாது. நம் வாசிப்பில் பெரும்பாலான அடிகள் அந்த நடு உயரத்தில்தான் கிடக்கின்றன. அதனால்தான் தாளம் சரியாக இருந்தும் சப்பென்று இருக்கிறது. பாராடிடிலை எடுத்து, வலதுகையை ஹை-ஹாட்டிலும் இடதுகையை ஸ்னேரிலும் வைத்து, ஸ்னேரில் ஒரே ஒரு அடியை மட்டும் உயர்த்தி, மற்ற இடது அடிகளைக் கிசுகிசுக்க வையுங்கள். ஸ்டோனின் ஐந்தாவது பயிற்சி ஃபங்க் தாளமாக மாறுவதை உங்கள் காதே சொல்லும்.

டிரினிட்டி, ராக்ஸ்கூல் தேர்வுப் புத்தகங்களைப் பற்றிப் பெற்றோர் கேட்பீர்கள். அவை தேவை. அடுத்த படிக்குப் போக ஒரு நாள் குறித்துத் தருகின்றன, வாசிக்கக் கற்றுக்கொடுக்கின்றன. ஆனால் அந்தச் சில பாடல்களையே மாதக்கணக்கில் உருப்போட்டு எட்டாம் கிரேடு வரை போய்விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்வுப் பாடலைக் கச்சிதமாக வாசிப்பார்கள். அதே வேகத்தில் தெரியாத ஒரு பாட்டைப் போட்டால் கை விறைத்துவிடும். தேர்வுப் புத்தகத்தோடு ஸ்டோனின் ஒரு பக்கத்தையும் ரீடின் ஒரு பக்கத்தையும் தினமும் சேர்த்துக்கொண்டால் இந்த நிலை வராது. அரை மணி நேரம் போதும்.

வாங்குவதற்கு முன் சோதிப்பது எப்படி? முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள், எல்லாப் புத்தகத்தின் முதல் பக்கமும் எளிதாகத்தான் இருக்கும். நடுவில் திறந்து ஒரு வரியை எடுத்து, மெட்ரோனோமை 60-ல் வைத்து, கடையிலேயே தொடையில் தட்டிப் பாருங்கள். உடனே தடையில்லாமல் வந்துவிட்டால் அந்தப் புத்தகம் உங்களுக்கு வேலை வைக்காது. ஒரு வரியைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் போகட்டும். மூன்றாவது, நான்காவது முறையில் வரி பிடிபட்டு, ஒரு கை மட்டும் எங்கோ தயங்கினால், அந்தத் தயக்கம்தான் நீங்கள் தேடுவது; வாங்கிவிடுங்கள். சுருள் கம்பி பைண்டிங்கா என்றும் பாருங்கள். ஸ்டாண்டில் விரிந்து நிற்காமல் தானே மூடிக்கொள்ளும் புத்தகத்தை எவ்வளவு நல்லதானாலும் கை ஒதுக்கிவிடும்.

மாணவர்களின் போனில் இன்று நூற்றுக்கணக்கான பி.டி.எஃப். இருக்கிறது. எழுதியவருக்கு ஒரு காசும் போகாமல் கைமாறியவை பெரும்பாலும். அது சரியில்லை என்பதோடு, பயிற்சிக்கும் கெடுதல். ஒரு பக்கத்தில் கை தயங்கியதும் விரல் அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறது. காகிதத்தில் ஒரு புத்தகம் வைத்திருப்பவன் பென்சிலால் ஓரத்தில் தேதியும் மெட்ரோனோம் எண்ணும் எழுதுவான். ஜனவரியில் 72, மார்ச்சில் 96 என்று அந்த ஓரத்தில் தெரியும்போது மனதுக்குக் கிடைக்கும் தெம்பு வேறு எங்கும் கிடைக்காது. எண் ஏறாமல் ஆறு வாரம் நின்றுவிட்டால், புத்தகத்தை மாற்றாதீர்கள். அதே பக்கத்தை வேறு விதமாக வாசியுங்கள்: இடதுகையில் தொடங்குங்கள், கால்களுக்குக் கொடுங்கள், பாதி ஒலியில் வாசியுங்கள். ஸ்டோனின் பக்கத்தைக் கால்களால் வாசித்து டபுள் பெடலுக்குப் பழகும் டிரம்மர்கள் ஏராளம்.

கேள்வி நேரத்தில் யாராவது கேட்கக்கூடிய ஒன்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய டிரம்மர் பட்டி ரிச்சுக்கு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாதே, அப்புறம் புத்தகம் எதற்கு? உண்மைதான். அவர் பெயரில் 1942-ல் வந்த ஸ்னேர் டிரம் புத்தகத்தை ஹென்றி ஆட்லர்தான் உடனிருந்து எழுதினார். ஆனால் பட்டி ரிச் நடக்கப் பழகிய வயதிலேயே வோட்வில் மேடையில் டிரம் வாசித்தவர். வருடம் முழுவதும் மேடையே அவருக்கு வகுப்பாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, அடுக்குமாடி வீட்டில் ஒலி வராத பிராக்டிஸ் பேட், பள்ளி, டியூஷன் என்று இருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவனுக்கு நொட்டேஷன் தெரிந்திருந்தால் ஆசிரியர் இல்லாத ஐந்து நாளும் ஸ்டோனோ ரீடோ பக்கத்தில் உட்காருவார்கள்.

நொட்டேஷனே தெரியாமல் தொடங்குபவர்கள் ரீடின் புத்தகத்தின் தொடக்கப் பக்கங்களிலேயே அதைக் கற்றுக்கொள்ளலாம். தனியாக ஒரு தியரி புத்தகம் தேவையில்லை. வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாசிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அதே நாட்களில் ஸ்டோனின் முதல் பக்கத்திலிருந்து தினமும் நான்கு வரி, ஒவ்வொன்றும் இருபது முறை. வேறு எந்தப் புத்தகமும் ஒரு வருடத்துக்கு வேண்டாம். இன்று மாலை நேரம் இருப்பவர்கள் ஸ்டிக்கும் பேடும் எடுத்து வந்து பக்கத்து அறையில் உட்காருங்கள், முதல் நான்கு வரியைச் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.